விஞ்ஞானமும் அறமும்: ஒரு வாக்கிய ஆராய்ச்சி

உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயிலும் மாணவன் ஒருவன் தமிழ்த்தினப் பேச்சுப் போட்டிக்கு ஆயத்தம் செய்யும்பொருட்டு எம்மிடம் வந்தான். அவனுக்கு வாய்த்த தலைப்பு விஞ்ஞானமும் அறமும் என்பது. தாளையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டவன், நாம் வாய் திறக்குமுன் ஒரு வினாவை எழுப்பினான். "ஐயா, இரசாயனவியல் வகுப்பிலே இது நல்லது, இது தீயது என்று ஒருவரும் சொல்வதில்லை. இங்கே வந்தால் எதற்கெடுத்தாலும் அறம் என்கிறீர்கள். இரண்டையும் ஒரே தலைக்குள் எப்படி வைத்திருப்பது?"

நாம் கைவசம் இருந்த விடையைக் கொடுத்தோம். கத்தியால் காய்கறியும் நறுக்கலாம், கொலையும் புரியலாம். குற்றம் கத்தியினது அன்று. விஞ்ஞானமும் அத்தகைய ஒரு கத்தியே என்றோம். அவன் பணிவோடு எழுதிக்கொண்டான். ஆயினும் அவன் முகத்தில் தெளிவு தோன்றவில்லை. அவன் சென்ற பின்னர் எமக்கும் அவ்விடை கசந்தது. கத்திக்கு அறிவு இல்லை. அதனைக் கடைந்தெடுத்த கொல்லனுக்கு உண்டு. கொல்லனைப் பற்றி நாம் ஒரு சொல்லும் கூறினோமில்லை. விழா மலர்க் குழுவினர் கட்டுரையொன்று கேட்டபோது, அம்மாணவனுக்குப் பட்ட கடனை ஈண்டுத் தீர்க்க முயல்வதே தக்கது என எண்ணினோம்.

இவ்வினாவுக்கு எம்மவரிடையே வழங்கும் விடைகள் இரண்டு. இரண்டும் இலேசானவை. ஒரு சாரார், அவை இரண்டும் வேறு வேறு அலுமாரிகள் என்பர். கிழமை நாட்களில் ஆய்கூடம்; வெள்ளிக்கிழமை கோயில். ஒன்றைத் திறக்கும்போது மற்றதைப் பூட்டிவிட வேண்டும். மற்றொரு சாரார், விஞ்ஞானம் கண்டவையெல்லாம் எம் முன்னோர் புராணங்களிலே முன்னரே கூறியவையே என்பர். புட்பக விமானத்தை ஆகாய விமானத்துக்கு முன்னோடியாக்குவர். முதலாமவர் மனிதனை இரண்டாகப் பிளக்கின்றனர். இரண்டாமவர் மேல் எமக்குச் சிறிது அன்பு உண்டு. அவர்கள் ஒருமையை நாடுகின்றனர். ஆயினும் சோதித்து அறியாத ஒன்றைச் சோதித்து அறிந்ததுபோலக் கூறுவது விஞ்ஞானமும் ஆகாது, வாய்மையும் ஆகாது. புராணத்தின் பெருமைக்கு அத்தகைய முண்டு வேண்டியதுமில்லை.

நாம் இரசாயனம் கற்றவரல்லேம். எமக்குத் தெரிந்தது இலக்கணம். ஆகையால் இலக்கணத்தின் வழியாகவே இதனுள் நுழைகின்றோம். விஞ்ஞான நூலின் வாக்கியங்களை நோக்குமின். நீர் கொதிக்கும். இரும்பு துருப்பிடிக்கும். குளோரீன் வளியிலும் பாரமானது. இவையெல்லாம் உள்ளதை உள்ளவாறு கூறி முடிவன. அறநூலின் வாக்கியமோ வேறு முடிவு உடையது. செய்க, ஒழிக, வாழ்க என வியங்கோளாகவோ, செய்யற்க என விலக்காகவோ அது முடியும். இனி ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். முதல் வகை வாக்கியங்களை எத்துணை அடுக்கினாலும் அவற்றிலிருந்து ஒரு வியங்கோள் தானாகப் பிறக்குமா? பிறவாது. ஸ்கொத்லாந்து நாட்டுத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம், மனித இயல்பு பற்றிய தமது பெருநூலில், 1740ஆம் ஆண்டு வெளிவந்த பகுதியிலே இதனையே சுட்டினார். 'உள்ளது' என்று பேசிக்கொண்டு வருவோர் இடையில் ஓசைப்படாமல் 'வேண்டும்' என்று தாவிவிடுவதை அவர் கண்டு வியந்தார். அத்தாவலுக்கு நியாயம் காட்டவேண்டும் என்பது அவர் கேள்வி.

இவ்வளவில் நின்றால் அலுமாரிக் கட்சியே வென்றதாக முடியும். ஆனால் இலக்கணம் இன்னும் ஒரு படி மேலே செல்லும். அதனை விளக்க ஒரு வரலாறு வேண்டும். நைதரசனின் வரலாற்றை எடுத்துக்கொள்கின்றோம். எம் குடாநாட்டுத் தோட்டக்காரர் எவர்க்கும் அது அந்நியமன்று.

வளிமண்டலத்தில் ஏறத்தாழ 78 வீதம் நைதரசன் உண்டு. எனினும் நெற்பயிருக்கும் வெங்காயத்துக்கும் அது எட்டாக் கனி. மின்னல் ஓரளவு கொண்டுவந்து தரும். அவரையினப் பயிர்களின் வேர்களிலுள்ள பற்றீரியாக்கள் ஓரளவு பிடித்துத் தரும். இக்காரணம் அறியாமலே காரியம் அறிந்திருந்தனர் எம் முன்னோர். பூவரசங்குழை தாட்டனர், தோட்டத்தில் ஆட்டுப்பட்டி அடைத்தனர், சணல் விதைத்துப் பூக்கும் பருவத்தில் உழுது புதைத்தனர். ஐரோப்பியரோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து வெடியுப்பை வெட்டிக் கப்பல் கப்பலாக ஏற்றினர். அதுவும் ஒரு நாள் தீரும். 1898ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரில் பிரித்தானிய விஞ்ஞான சங்கத்தின் தலைமையுரையை நிகழ்த்திய வில்லியம் குரூக்ஸ், வளியிலுள்ள நைதரசனைப் பிடிக்கும் வழியை இரசாயன அறிஞர் காணாவிடில் கோதுமை உண்ணும் மக்கள் பட்டினியை எதிர்நோக்குவர் என எச்சரித்தார்.

அவ்வழியைக் கண்டவர் பிரிற்ஸ் ஹேபர். 1868இல் அக்காலத்து ஜேர்மனியின் பிரெஸ்லோ நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். 1909ஆம் ஆண்டு, தமது ஆய்கூடத்தில், நைதரசனையும் ஐதரசனையும் பேரமுக்கத்தின் கீழ் உயர்ந்த வெப்பநிலையில் ஊக்கி ஒன்றின் மேற் செலுத்தி, அமோனியா துளித்துளியாகச் சொட்டுவதைக் காட்டினார். கார்ல் பொஷ் என்னும் பொறியியலறிஞர் அத்துளியைத் தொழிற்சாலையாக்கினார். 1913இல் ஓப்பௌ என்னுமிடத்தில் ஆலை இயங்கத் தொடங்கிற்று. இன்று எமது கடைத்தெருவில் மூடையாக அடுக்கப்பட்டிருக்கும் யூரியா அவ்வமோனியாவிலிருந்து ஆக்கப்படுவதே. இன்றைய உலக மக்களுள் ஏறத்தாழ அரைவாசிப் பேரின் உணவு இம்முறையால் ஆக்கப்படும் பசளையிலேயே தங்கியிருக்கிறது என அறிஞர் மதிப்பிடுவர். அன்னதானத்தைப் பெருந்தானம் என்னும் மரபிலே வந்தோம் நாம். இம்மனிதர் செய்த அன்னதானத்தை எந்த முழத்தால் அளப்பது?

அடுத்த ஆண்டே போர் மூண்டது. பிரித்தானியக் கடற்படை வழி மறித்தமையால் ஜேர்மனிக்குச் சிலி வெடியுப்பு வருவது நின்றது. வெடிமருந்துக்கும் நைதரசன் வேண்டும். பயிருக்குச் சோறிட எழுந்த ஆலை பீரங்கிக்குச் சோறிட்டது. இது வரையில் எமது கத்தி உவமை ஒருவாறு தாக்குப்பிடிக்கும். ஒருவர் ஆக்கியதை மற்றொருவர் திருப்பிக்கொண்டனர் எனலாம். ஆனால் ஹேபர் அவ்வளவில் நிற்கவில்லை. நச்சுவாயுவை ஆயுதமாக்கும் பணியைத் தாமே விரும்பி ஏற்றார். 1915 ஏப்ரல் 22ஆம் திகதி மாலை, பெல்ஜியம் நாட்டு ஈப்பர் நகருக்கு அண்மையில், 5,000இற்கு மேற்பட்ட உருளைகளிலிருந்து குளோரீன் வெளிவிடப்பட்டது. ஏற்பாடுகளைப் போர்முனைக்கே சென்று மேற்பார்த்தவர் ஹேபர். குளோரீன் வளியிலும் பாரமானது என்று மேலே ஒரு வாக்கியம் எழுதினோமல்லவா? பாரமானதால் அது நிலத்தோடு தவழ்ந்து பதுங்குகுழிகளில் இறங்கிற்று. அங்கிருந்தவர்கள் மூச்சுத் திணறி மாண்டனர்.

அவர் மனைவி கிளாரா இம்மர்வார். அவரும் இரசாயன அறிஞரே; 1900ஆம் ஆண்டு பிரெஸ்லோப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். மணமான பின் அவரது ஆய்வு வீட்டு வேலையுள் அமிழ்ந்தது. ஈப்பரில் வாயு வீசிப் பத்து நாட்கள் கழிந்தபின், 1915 மே 2ஆம் திகதி அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் கணவரின் வாயுப் பணியை வெறுத்தார் என்பர் ஒரு சாரார். இல்வாழ்வின் துயரும் சேர்ந்தது என்பர் மற்றொரு சாரார். நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. மறுநாளே ஹேபர் கிழக்குப் போர்முனைக்குப் புறப்பட்டார் என்பது மட்டும் உறுதி.

அமைதிக் காலத்தில் விஞ்ஞானி உலகுக்கு உரியவன், போர்க்காலத்தில் தன் நாட்டுக்கு உரியவன் என்பது ஹேபர் கொண்டிருந்த கருத்து. இங்கேதான் அலுமாரிக் கட்சியின் முடிவைக் காண்கின்றோம். அறத்தைக் காலத்துக்கு ஏற்பப் பூட்டவும் திறக்கவும் கூடிய ஒரு பெட்டியாக அவர் வைத்திருந்தார். அமோனியாவுக்காக 1918ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அவர் யாருக்காகத் தம்மை முழுதும் கொடுத்தாரோ அந்நாடே 1933இல் யூதரைப் பதவிகளினின்றும் நீக்கச் சட்டம் இயற்றிற்று. போர்ச்சேவை காரணமாக அவர்மட்டும் பதவியில் இருந்திருக்கலாம். தம் கீழ்ப் பணிசெய்த யூதரை நீக்கவேண்டும் என்பதே நிபந்தனை. அதற்கு அவர் உடன்படாது விலகினார். அந்த விலகலை நாம் மறக்கலாகாது. பூட்டியிருந்த பெட்டி ஒருமுறை திறந்தது. 1934 தைமாதம் சுவிற்சர்லாந்தின் பாசெல் நகரில் இறந்தார். 1920களில் அவருடைய நிறுவகத்தில் பூச்சிகளைக் கொல்ல ஆராய்ந்த நச்சுப்பொருளின் வழிவந்த 'சைக்ளோன் பி'யைக் கொண்டு, பின்னர் நாசிகள் அவரது இனத்தவரையே கூட்டங்கூட்டமாகக் கொன்றனர். காப்பியப் புலவன் ஒருவன் இப்படிப் புனைந்திருந்தால் மிகைபடக் கூறினான் என்று நாமே குறை சொல்லியிருப்போம்.

இப்போது இலக்கணத்துக்கு மீள்வோம். "உருளைகளிலிருந்து குளோரீன் வெளிவிடப்பட்டது" என்று நாமும் மேலே எழுதினோம். அது செயப்பாட்டுவினை. விஞ்ஞான அறிக்கைகள் எல்லாம் பெரும்பாலும் இவ்வாறே எழுதப்படுவன. கரைசல் சூடாக்கப்பட்டது, நிறமாற்றம் அவதானிக்கப்பட்டது. சூடாக்கியது யார்? அவதானித்தது யார்? கருத்தாவைக் காணோம். இதனைக் குறையென்று கூறவேண்டா. இஃது உண்மையில் விஞ்ஞானத்தின் பெருமை. யார் சூடாக்கினும் அதே விளைவு வருதல் வேண்டும். பேர்லினில் செய்தாலும் எமது கல்லூரி ஆய்கூடத்தில் செய்தாலும் நிறம் அவ்வாறே மாறுதல் வேண்டும். அரசன் மகன், ஆண்டியின் மகன் என்ற பேதம் குடுவைக்கு இல்லை. ஆகவே செய்தவன் பெயரை அது வேண்டுமென்றே நீக்கிவிடுகிறது.

அறம் வேண்டுவதோ அந்த நீக்கிய பெயரையே. குளோரீன் வெளிவிடப்பட்டது என்றால், எவரால்? எவர்மீது? எவர் பொருட்டு? செயப்பாட்டு வாக்கியத்தைப் பிடித்துச் செய்வினையாக மாற்றுக என்று அது எம்மைப் பணிக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யும் பயிற்சிதான். ஆயினும் வளர்ந்தவர்கள் அதனைச் செய்ய மிகவும் அஞ்சுவர். ஹேபர் ஆய்கூடத்து வாக்கியத்தின் வடிவத்தைப் போர்முனைக்கும் கொண்டுபோனார் என்பதே எமது துணிபு. ஆய்கூடத்தில் பெயரை நீக்குதல் நேர்மை. போர்முனையில் பெயரை நீக்குதல் ஒளிப்பு.

ஆகவே விஞ்ஞானத்தையும் அறத்தையும் ஒன்றாகக் காணலாமா என்று கேட்டால், இரண்டின் வாக்கியங்களையும் ஒன்றாக்க இயலாது என்போம். ஆனால் இரண்டு வாக்கியங்களுக்கும் கருத்தா ஒருவனே. உள்ளதைக் கண்டவனும் அவனே; செய்யப் போகிறவனும் அவனே. ஒருமை அந்த ஆளிடத்தில் இருக்கிறது. திருக்குறளில் அறிவுடைமை பொருட்பாலிலும் வாய்மை அறத்துப்பாலிலும் வைக்கப்பட்டுள்ளன. பால் வேறு, நூல் ஒன்று, அதைக் கற்பவனும் ஒருவன். வாய்மை இல்லாதவன் விஞ்ஞானி ஆதலும் அரிது. அவன் கண்ட அளவை மாற்றி எழுதினால் ஆய்வு ஆய்வாகாது. ஆகவே விஞ்ஞானம் அறத்தை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போகிறது என்பதும் பிழை. அதன் அத்திவாரத்திலேயே ஓர் அறம் கிடக்கிறது. அவ்வோர் அறம் மட்டும் போதாது என்பதற்கு ஹேபரே சான்று. தமது அளவீடுகளில் அவர் பொய்யுரைத்தவரல்லர்.

செய்வினையில் வாழ்ந்தோரும் உளர். போலந்து நாட்டவரான ஜோசப் ரொட்பிளற் என்னும் பௌதிக அறிஞர், ஹிட்லர் முந்திவிடுவான் என்ற அச்சத்தால் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்திற் சேர்ந்தார். ஜேர்மனி அத்தகைய குண்டைச் செய்யவில்லை என்று 1944இன் இறுதியில் தெரிந்ததும் திட்டத்தை விட்டு விலகினார். பின்னர் தமது பௌதிக அறிவை மருத்துவத்துக்குத் திருப்பினார்; அணுவாயுத ஒழிப்புக்காக உழைத்து 1995இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அவர் விஞ்ஞானத்தைத் துறக்கவில்லை என்பது கருதத்தக்கது.

இவையெல்லாம் தொலைதூரத்துக் கதைகள் என்று பழைய மாணவர் சிலர் எண்ணக்கூடும். நாம் சிறுவராயிருந்த காலத்தை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகின்றோம். 1990 முதல் வடபகுதிமீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் யூரியாவும் அடங்கியிருந்தது. வெடிபொருளாக்க உதவும் என்பது காரணம். எமது தந்தையார் மீண்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டு வேலிப் பூவரசில் ஏறினார். ஓப்பௌ ஆலையின் இரு முகங்களையும் அக்காலத்தில் எமது கடவையடியிலேயே கண்டோம். பெயர் மட்டும் அப்போது தெரியாது.

இதற்கு மறுதலையான ஒன்றும் நிகழ்ந்தது. 2021ஆம் ஆண்டு மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. மண்ணையும் மக்கள் நலத்தையும் காத்தல் நல்ல நோக்கமே. ஆனால் நைதரசன் இன்றிப் பயிர் என்செய்யும், மாற்றுப் பசளை எவ்வளவு தேவை, எத்தனை ஆண்டுகளில் ஆயத்தமாகலாம் என்பவற்றை நோக்கம் கணக்கிடாது, விஞ்ஞானமே கணக்கிடும். கணக்குக் கேட்கப்படவில்லை. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. அந்தப் பெரும்போக விளைச்சல் நாடெங்கும் வீழ்ந்தது. வியங்கோளை மட்டும் கையிற் பிடித்துக்கொண்டு, உள்ளதைக் கூறும் வாக்கியத்தை வாசியாது விட்டாலும் பிள்ளைகள் பசித்திருக்க நேரும். தடை நீங்கியதும் எம்மவர் பலர், இழந்ததை மீட்பவர்போல முன்னிலும் அதிகமாக யூரியா இட்டனர். அவர்களுள் நாமும் ஒருவரே.

எமது குடாநாட்டு நிலம் சுண்ணக்கல்லாலானது. மேலே மண் ஆழமில்லை. பயிர் எடுத்துக்கொள்ளாத நைதரசன் நைத்திரேற்றாகிப் பாசன நீரோடும் மாரி மழையோடும் கல்லிடுக்குகளின் வழியே கீழே இறங்கிக் கிணற்றை அடையும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. செறிவாகத் தோட்டம் செய்யப்படும் எமது பகுதிகளில் பல கிணறுகள் அவ்வெல்லையைக் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலு குன்றும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். காய்ச்சினால் தீருமா என்று பலர் கேட்கின்றனர். தீராது. நீர் வற்ற வற்ற நைத்திரேற்றின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது.

அந்த மாணவனுக்குப் போட்டியிற் பரிசு கிடைக்கவில்லை. கத்தி உவமையை நடுவர்கள் முன்னரும் பலமுறை கேட்டிருப்பர். ஆனால் சில மாதங்களின் பின் அவன் மீண்டும் வந்தான். இரசாயனவியல் ஆசிரியர் தருவித்துக் கொடுத்த, நிறம் மாறும் சோதனைத்தாள்களைக் கொண்டு ஊர்க் கிணறுகளை அவனும் தோழர்களும் சோதித்து வந்தனர். எமது வளவுக் கிணற்றிலும் ஒரு போத்தல் நீர் எடுத்துச் சென்றான். மற்றையோருக்கெல்லாம் முடிவைக் கூறியவன் எம்மிடம் மட்டும் கூறாது நாட்களைக் கடத்தினான். வற்புறுத்திக் கேட்டபோது தலையைக் குனிந்தபடி, "ஐயா, தாள் நல்லாய்ச் சிவந்துவிட்டது. ஐம்பதுக்கு மேலே போகிறது" என்றான். ஆய்கூடத்துக்கு முறைப்படி அனுப்பிப் பார்த்தோம். அளவு மிகையென்றே விடை வந்தது.

எமது கிணற்றில் நான்கு வீட்டார் தண்ணீர் அள்ளுகின்றனர். அவர்களுள் ஒருவர் மூன்று மாதக் குழந்தையின் தாய். கிணற்றடியில் அறிவித்தலொன்று வைப்பதென முடிவு செய்து, நாமே மட்டையொன்றில் எழுதினோம்: "இக்கிணற்று நீர் நைத்திரேற்றால் மாசடைந்துள்ளது. குழந்தைகளுக்குக் கொடுக்கற்க." எழுத்து அழகாகவே அமைந்தது. பக்கத்தில் நின்ற மாணவன் வாசித்துவிட்டு, மிகுந்த தயக்கத்தோடு, "ஐயா, இதிலே தன்வினைதான் இருக்கிறது. கருத்தாவைக் காணவில்லையே?" என்றான். நாம் கற்பித்ததுதான்.

மட்டையைத் திருப்பி மறுபக்கத்தில் எழுதினோம்: "எமது வெங்காயத் தோட்டத்துக்கு அளவுக்கு மிஞ்சி யூரியா இட்டு இக்கிணற்று நீரை நாம் கெடுத்துவிட்டோம். குழந்தைகளுக்குக் கொடுக்கற்க." முதல் வாக்கியம் எழுதக் கை எளிதில் வரவில்லை. எம் தோட்டத்துப் பசளை மட்டும் அதற்குக் காரணமன்று, அயல் தோட்டங்களும் உண்டு என்று வாதாட மனம் முந்திற்று. விஞ்ஞான முறையில் அவ்வாதம் சரியானதே. ஆயினும் அயலவருக்காகக் கையெழுத்திட எமக்கு உரிமையில்லை. எமக்காக மட்டும் இட்டோம்.

மாலையில் அத்தாய் குடத்தோடு வந்தார். அறிவித்தலை நின்று வாசித்தார். ஒன்றும் கூறாமல் வெறுங்குடத்தோடு திரும்பிச் சென்றார். இப்போகம் விவசாயப் போதனாசிரியர் குறித்துத் தந்த அளவை மூன்று தரமாகப் பிரித்து இடுகின்றோம். வெங்காயம் கிண்டிய பின் சணல் விதைக்க விதைக்கும் சொல்லி வைத்திருக்கின்றோம். கிணறு தேற எத்தனை மாரி செல்லுமோ. அதுவரையில், காலையில் கல்லூரிக்குப் புறப்படுமுன், குழாய்நீர் வரும் அடுத்த குறிச்சிக்குச் சைக்கிளிற் சென்று இரண்டு கான் நீர் பிடித்து அத்தாயின் படலையடியில் வைத்து வருகின்றோம்.